மவுஸுக்கு அடியில் வைத்த கடியாரம்

கணினியைப் பற்றி நான் உங்களுக்கு எதுவும் சொல்லித் தரப் போவதில்லை. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் நீங்கள் வகுப்பில் பயன்படுத்தும் மென்பொருள்களில் பாதியின் பெயர் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. நம் பயிற்சி நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பயிற்றுநர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் செய்த இரண்டு தவறுகளை எழுதுகிறேன். ஒன்று சின்னது, மற்றது பெரியது. எனக்கு மனதில் இருப்பதைத் தமிழில்தான் ஒழுங்காக எழுத வரும். உங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் படித்து, மற்றவர்களுக்குப் பர்மிய மொழியில் சொல்லிவிடுங்கள்.

என் பெயர் ஜைனம்பு. இங்கே எல்லோருக்கும் நான் ‘சாயாமா’தான். டீச்சரம்மாவை யாங்கோனில் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? இருபது வருடம் தட்டச்சுப் பள்ளியில் வேலை பார்த்தேன். அதன் பிறகுதான் இந்த வேலைக்கு வந்தேன். உடல் குறைபாடு உள்ளவர்களுக்குக் கணினி கற்றுக் கொடுத்து, வீட்டிலிருந்தே செய்யும் வேலையில் அவர்களைச் சேர்த்துவிடுவது. கேட்பதற்கு நல்ல காரியம். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பே நம்மைக் கண்டதையும் செய்ய வைக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சின்னது.

ஆரம்பத்தில் நம் வகுப்பு இன்சீனில் இல்லை. போட்டாதாங்கில், ஸ்ட்ராண்ட் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நடந்தது. இணைய இணைப்பு அங்கே நன்றாக இருந்தது, வாடகையும் குறைவு. லிஃப்ட் கிடையாது. அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். கீழே டீக்கடையில் வேலை பார்க்கும் ஆட்களிடம் பேசி, சக்கர நாற்காலியில் வருகிறவர்களை மேலே தூக்கிக் கொண்டுவந்து விட ஏற்பாடு செய்திருந்தேன். என் ஏற்பாட்டை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

தன்லியினிலிருந்து வா வா என்ற பெண் வந்தார். தமிழ்ப் பெயர் செல்வி. அப்பா தமிழர், அம்மா பர்மியர். அப்போது முப்பது வயது இருக்கும். ஆலைக்கு ஆட்களை ஏற்றிப்போன வண்டி கவிழ்ந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர். நான்கு வருடமாக இடுப்புக்குக் கீழே அசைவில்லை. முதல் நாள் அவரை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி வந்தார்கள். இரண்டாவது மாடி வளைவில் ஒருவருக்குக் கை வழுக்கியது. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. வா வா சத்தம் போடவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இரண்டாம் நாளும் அப்படியே வந்து, அப்படியே இறங்கிப் போனார். மூன்றாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“சாயாமா, நான் இனிமே வரல.”

“ஏன் வா வா, பாடம் கஷ்டமா இருக்கா?”

“பாடம் ஒண்ணும் கஷ்டமில்ல. நாலு ஆம்பளைங்க தூக்கிக்கிட்டு மேல கொண்டாந்து வெக்கறாங்க. நீங்க எதிர்ல நின்னுக்கிட்டு, யார் தயவும் வேணாம், சொந்தமா சம்பாதிக்கலாம்னு சொல்றீங்க. எனக்குச் சிரிப்பா வருது.”

அவரே தொடர்ந்தார்.

“வீட்லேந்து செய்யற வேலைக்குத்தானே படிக்கிறோம்? அப்ப பாடத்தயும் வீட்டுக்கே அனுப்புங்களேன்.”

இவ்வளவுதான் விஷயம். ஒரு குழந்தைக்குக்கூடத் தோன்றியிருக்கும். நாங்கள் ஐந்து பேர் மூன்று மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டோம், ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த வாரமே அவருக்குத் தொலைபேசி வழியாகப் பாடம் நடத்தத் தொடங்கினேன். இரண்டு மாதத்தில் மற்றவர்களுக்காக இன்சீனில், நகரைச் சுற்றி ஓடும் சர்க்குலர் ரயிலின் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், படியே இல்லாத ஒரு தரைவீட்டைப் பிடித்தோம். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் வீடு அதுதான். அது வா வா கோபப்பட்டதால் கிடைத்தது. எங்கள் தொலைநோக்கு என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

இனி பெரியது.

முதல் குழுவில் ஆறு பேர் பயிற்சி முடித்தார்கள். அவர்களில் ஒருவர் கோ மியோ. போட்டாதாங் படகுத்துறையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். படகு கரைக்கு வரும்போது கயிறு வீசிக் கட்டுவது, ஆட்களை ஏற்றுவது இறக்குவது, மழைக்காலத்தில் முண்டியடிக்கும் கூட்டத்தைச் சமாளிப்பது. நாற்பது வயதுக்குள் கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. பிறகு மசாஜ் கடையில் இருந்தார். எங்களிடம் வரும்போது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. அவருடைய அப்பாவும் தமிழர். அதனால் என்னிடமும் வா வாவிடமும் தமிழில் பேசுவார், அவருடைய அப்பா காலத்துத் தமிழ். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை அவர் நாங்கள் யாரும் பின்தொடர முடியாத வேகத்தில் வைத்துக் கேட்பார். பக்கத்தில் நின்றால் வண்டு பறப்பதுபோல் இருக்கும்.

சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் ஆறு பேரையும் ஒரு மாதச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள், இங்கே இருக்கும் பெற்றோருக்கு அரிசி, எண்ணெய், மருந்து என்று அந்த நிறுவனத்தின் வழியாக அனுப்புவார்கள். சாமான் வரவில்லை, தப்பாக வந்துவிட்டது என்று பர்மிய மொழியில் அவர்கள் எழுதும் செய்திகளுக்கு இந்த ஆறு பேரும் பதில் எழுத வேண்டும். நான்கு பேர் இன்சீனில் உட்கார்ந்து வேலை செய்தார்கள், ஏனென்றால் மின்சாரம் போனால் சமாளிக்க இங்கே பேட்டரி இருந்தது. வா வாவும் இன்னொருவரும் வீட்டிலிருந்து செய்தார்கள்.

அந்த நிறுவனத்திடம் நாங்கள் ஒன்றைச் சொல்லவில்லை. இந்த ஆறு பேருக்கும் உடல் குறைபாடு உண்டு என்பதைச் சொல்லவில்லை.

அது நம் நிலையத்தை அப்போது நடத்திக்கொண்டிருந்த பெரியவரின் முடிவு. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கே சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பியிருந்தது. “எத்தனை ஆபீஸ்ல உண்மையச் சொல்லிட்டு எழுந்து வந்திருக்கேன் தெரியுமா? முதல்ல வேல செஞ்சு காட்டட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்” என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆனால் அந்த ஆறு பேரிடம், உங்களைப் பற்றி என்ன சொல்லலாம், என்ன சொல்ல வேண்டாம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

நிறுவனம் எல்லாருடைய கணினியிலும் ஒரு கண்காணிப்பு மென்பொருளைப் போட்டிருந்தது. ஆள் வேலை செய்கிறாரா, தூங்குகிறாரா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வேலை செய்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, இல்லையென்றால் சிவப்பு. மவுஸ் அசைவதை வைத்துத்தான் அது பெரும்பாலும் கணக்குப் போட்டது.

கோ மியோ மவுஸைத் தொடவே மாட்டார். அம்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாதவருக்கு மவுஸ் எதற்கு? அவருக்கு எல்லாமே கீபோர்டுதான். அதிலும் ஒரு நீண்ட செய்தியைக் கேட்டு முடிக்கும்வரை கை சும்மா இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து அவர் பெயருக்குப் பக்கத்தில் எப்போது பார்த்தாலும் சிவப்பு. முதல் வாரக் கடைசியில் நிறுவனத்தின் மேலாளரிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது. மூன்றாம் எண் ஆள் நாள் முழுக்கத் தூங்குகிறார், திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் குழு முழுவதையும் பற்றி மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும் என்று.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது சுலபமான காரியம். அவர் அனுப்பிய பதில்களை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. கண் தெரியாதவர், வயதும் ஆகிவிட்டது, கொஞ்சம் மெதுவாகத்தான் இருப்பார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். சிங்கப்பூரில் இருந்த மேலாளரைப் போலவே நானும் அந்தச் சிவப்புப் புள்ளியை நம்பினேன். அவருக்காவது கோ மியோவைத் தெரியாது. நான் ஏழு மாதம் பாடம் சொல்லிக் கொடுத்தவள்.

இணையத்தில் ஒரு தந்திரம் பார்த்திருந்தேன். வினாடி முள் ஓடுகிற கைக்கடியாரத்தை மல்லாக்க வைத்து, அதன் கண்ணாடி மேல் மவுஸை வைத்துவிட்டால் போதும். முள் நகர நகர, மவுஸ் தான்தான் நகர்வதாக நினைத்துக்கொண்டு திரையில் அம்பை நடுங்க வைக்கும். திங்கட்கிழமை காலை கோ மியோ வருவதற்கு முன்பே என் கடியாரத்தைக் கழற்றி அவர் மேசையில் அப்படி வைத்தேன். அன்று முழுக்கப் பச்சை. செவ்வாயும் பச்சை. மேலாளர் நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினார். பிரச்சினையை முடித்துவிட்டேன் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

புதன்கிழமை பதினொரு மணி இருக்கும். மின்சாரம் போனது. மின்விசிறிகள் நின்றன, அறை அமைதியானது. கணினிகள் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன. கோ மியோ காதிலிருந்து இயர்போனை எடுத்தார். தலையைச் சாய்த்து டிக் டிக் சத்தத்தைக் கேட்டார்.

“இந்த மேசையில யாரு கடியாரம்?”

அவர் கையால் மேசையைத் தடவிக்கொண்டே போய் மவுஸைத் தூக்கினார். அடியில் இருந்த கடியாரத்தை எடுத்து, வாரைத் தடவிப் பார்த்தார்.

“பொம்பள கடியாரம். சாயாமா, உங்களோடதா?”

“ஆமா.”

“எதுக்கு இங்க?”

சொன்னேன். மேலாளர் சொன்னது, சிவப்புப் புள்ளி, தந்திரம், எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, கடியாரத்தை மேசை ஓரத்தில் வைத்தார்.

“நான் வேல செய்யறேனா இல்லயான்னு என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“இல்ல கோ மியோ.”

“நான் அனுப்பற பதிலப் பாத்தீங்களா?”

“...இல்ல.”

“நான் நெசமா வேல செஞ்சிட்டிருந்தேன் சாயாமா. அதப் பொய்யாக்கிப்புட்டீங்க. இப்ப யாராவது இந்தக் கடியாரத்தப் பாத்தா, குருடன் ஏமாத்திச் சம்பளம் வாங்கினான்னுதானே சொல்லுவான்? உங்களச் சொல்லுவானா?”

அவர் எழுந்து கோலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, செய்திருக்க வேண்டிய காரியத்தை அப்போதுதான் செய்தேன். பதில்களைத் திறந்து படித்தேன். ஆறு பேரில் அதிகமான செய்திகளை முடித்திருந்தவர் அவர்தான். அதைவிட எனக்கு உறைத்தது வேறு. அவர் பதில் எழுதிய ஒருவர்கூடத் திரும்ப வந்து திட்டவில்லை. கோபமாக எழுதியவர்கள் கடைசியில் நன்றி சொல்லியிருந்தார்கள். பதினெட்டு வருடம் படகுத்துறையில் கூச்சல் போடும் கூட்டத்தைச் சமாளித்த மனிதர். அந்தத் திறமை அவர் கண்ணோடு போய்விடவில்லை.

வாசலில் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். போய் மன்னிப்புக் கேட்டேன்.

“அந்த மேனேஜர் அம்மாகிட்ட நானே பேசறேன். எனக்குக் கண்ணு தெரியாது, இப்படித்தான் வேல செய்யறேன், என் பதிலப் பாத்து வேணும்னா வெச்சுக்குங்க, வேணாம்னா அனுப்பிடுங்கன்னு சொல்றேன்.”

“ஆறு பேர் வேலையும் போயிடுமே கோ மியோ.”

“அதனாலதான் மத்தவங்ககிட்டயும் கேக்கணும்னு சொல்றேன். இந்தத் தடவயாவது கேட்டுட்டுச் செய்வோம்.”

அன்று மாலையே ஆறு பேரையும் தொலைபேசிக் குழுவில் சேர்த்துப் பேசினோம். நடந்ததை, என் கடியாரம் உட்பட, சொன்னேன். இன்சீனில் இருந்த மூவர் கோ மியோ பேசட்டும் என்றார்கள். அவர்களில் ஒருவருக்குக் காது கேட்காது. அவர் எழுத்தில் அனுப்பினார்: “அவர் பேசட்டும். என்னைப் பற்றி வேண்டாம்.” வீட்டிலிருந்து வேலை செய்த இருவரில் ஒருவர் எதுவானாலும் சரி என்றார். வா வா கடைசியில் பேசினார்.

“சொல்ல வேணாம்.”

“ஏம்மா?” என்றார் கோ மியோ.

“உங்களுக்குப் புரியாது கோ மியோ. கோலோட நடந்து போனா எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கு அது பழகிப்போச்சு. நாலு வருஷமா என்னப் பாக்கறவங்க எல்லாம் முதல்ல நாற்காலியத்தான் பாக்கறாங்க. சாப்பிட்டியா, வலிக்குதா, பாவம். அவ்வளவுதான். இந்தம்மா ஒருத்தர்தான் ‘வா வா, ஏன் இந்தப் பதில் லேட்டு?’ன்னு என்னத் திட்டுறாங்க. போன வாரம் திட்டுனாங்க. அன்னிக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?”

இப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. மறைப்பது என்றால் வேலைக்காக மறைப்பது என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். வா வாவுக்கு அது மறைப்பு இல்லை. வேறு எங்கேயும் கிடைக்காத மரியாதை அவருக்கு அங்கே கிடைத்துக்கொண்டிருந்தது.

கடைசியில் கோ மியோதான் வழி சொன்னார். “நான் என்னப் பத்தி மட்டும் பேசறேன். வேற யாரு பேரையும் எடுக்க மாட்டேன். சரியா வா வா?” வா வா கொஞ்சம் யோசித்து, “சாயாமாவும் எடுக்கக் கூடாது” என்றார். எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மேலாளரோடு காணொளியில் பேசினோம். அவரும் யாங்கோனில் பிறந்தவர்தான், சிங்கப்பூரில் வேலை. பர்மிய மொழியில் நடந்த பேச்சை எனக்குத் தெரிந்த தமிழில் சொல்கிறேன். முதலில் கடியாரத்தை வைத்தது நான்தான், கோ மியோவுக்குத் தெரியாது என்று சொன்னேன். மேலாளரின் முகம் இறுகியது. அப்புறம் கோ மியோ தன்னைப் பற்றிச் சொன்னார்.

“கண் தெரியாதவர் எப்படி எழுதுவார்? வேறு யாரோ உங்களுக்காக எழுதுகிறார்களா?” என்று கேட்டார் மேலாளர்.

“இப்பவே ஒரு செய்தி அனுப்புங்கள். கோபமான வாடிக்கையாளர்போல எழுதுங்கள்” என்றார் கோ மியோ.

மேலாளர் அனுப்பினார். அம்மாவுக்கு அனுப்பிய ரத்த அழுத்த மாத்திரை மூன்று நாளாகப் போய்ச் சேரவில்லை, நீங்கள் எல்லாம் திருடர்கள் என்று எழுதியிருந்தார். கோ மியோ இயர்போனில் கேட்டார், விரல்கள் கீபோர்டில் ஓடின. மவுஸ் ஓரமாகக் கிடந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் மன்னிப்பிலும் தொடங்கவில்லை, விளக்கத்திலும் தொடங்கவில்லை. “அம்மாவிடம் இன்று போட்டுக்கொள்ள மாத்திரை இருக்கிறதா? இல்லையென்றால் அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று உடனே சொல்லுங்கள், பக்கத்து மருந்துக் கடையில் முதலில் ஏற்பாடு செய்துவிட்டு மற்றதைப் பேசுவோம்” என்று எழுதினார்.

மேலாளர் அதைப் படித்தார். “என் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்” என்றார். பிறகு, இனிமேல் மவுஸ் கணக்கு வேண்டாம், எல்லாரையும் பதில்களை வைத்தே பார்க்கிறேன் என்றார். எனக்கு மூச்சு வந்தது. கோ மியோவின் முகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கையையும் தொடை மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

அப்போதுதான் மேலாளர் கேட்டார். சாதாரணமாக, அக்கறையாகத்தான் கேட்டார்.

“மற்ற ஐந்து பேருக்கும் இப்படி ஏதாவது உண்டா, சாயாமா?”

இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் இப்படி நேரடியாகக் கேட்டால் என்ன சொல்வது என்று நான் யோசித்து வைக்கவில்லை. இல்லை என்றால் பொய். இப்போதுதான் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆமாம் என்றால் வா வாவுக்குத் துரோகம். நான் வாயைத் திறந்தேன், மூடினேன். கோ மியோவைத் திரும்பிப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்க முடியாது என்பதுகூட நினைவில்லாமல். நான்கு ஐந்து வினாடி போயிருக்கும்.

“அதை அவரவர்தான் சொல்ல வேண்டும்” என்றேன்.

வார்த்தை சரியான வார்த்தைதான். ஆனால் அதற்கு முன்னால் போன அந்த நான்கு ஐந்து வினாடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. மேலாளர் “புரிகிறது, புரிகிறது” என்று மென்மையாகத் தலையாட்டினார். அந்த மென்மையைப் பார்த்தவுடனே, கெடுத்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சோதனை மாதம் முடிந்தது. நிறுவனம் ஆறு பேரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. பெரியவர் எல்லாருக்கும் மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரம் வா வா வேலையை விட்டுவிட்டார்.

காரணம் கேட்டு அழைத்தேன், எடுக்கவில்லை. ஒரு செய்தி மட்டும் வந்தது. அதில் மேலாளர் அவருக்கு அனுப்பியதை அப்படியே போட்டிருந்தார்: “வா வா, பதில் கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் ஓய்வெடுங்கள்.” கீழே வா வா தன்னுடைய வார்த்தையாக ஒன்றும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

பெரியவர், அந்தப் பெண்ணுக்குப் பிடிவாதம், விடுங்கள், கொஞ்ச நாள் போனால் திரும்பி வரும் என்றார். பர்மியர்கள் ‘ஆனாதே’ என்பார்களே, அடுத்தவரைச் சங்கடப்படுத்தத் தயங்குவது, அது எனக்கும் நிறைய உண்டு. போய்த் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பத்து நாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பிறகு அந்தத் தயக்கம் அவருக்காக அல்ல, எனக்காக என்பது புரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேருந்து ஏறி, பாகோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் தன்லியின் போனேன்.

வீட்டில் அம்மா சந்தைக்குப் போயிருந்தார். வா வா ஜன்னலோரம் கணினியின் முன்னால் இருந்தார். உட்காரச் சொன்னார். டீ வேண்டுமா என்று கேட்கவில்லை.

“மன்னிச்சுக்கோன்னு கேக்கத்தான் வந்தேன்” என்றேன்.

“தெரியும்.”

“நான் அவங்ககிட்ட சொல்லல வா வா.”

“கோ மியோ சொன்னாரு. நீங்க சொல்லல. சும்மா இருந்தீங்களாம். ரெண்டும் ஒண்ணுதான்.”

அவர் கணினியை என் பக்கம் திருப்பினார். வேறொரு நிறுவனத்துக்கு அவரே விண்ணப்பம் எழுதி வைத்திருந்தார். நம் நிலையத்தின் பெயர் அதில் இல்லை.

“நான் இப்ப உங்கள மன்னிக்கிற மாதிரி இல்ல சாயாமா. ஆனா எனக்கு ஒண்ணு வேணும். முன்னாடி என்ன வேல பாத்தேன்னு ஒரு கடுதாசி கேக்கறாங்க. எழுதித் தருவீங்களா? உங்க பேர்ல. நெலையத்து பேர்ல வேணாம்.”

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். என்ன வேலை, எத்தனை நாள், எப்படிச் செய்தார், எல்லாம் எழுதினேன். எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தினார்.

“அது என்ன, ‘அசாத்தியமான மன உறுதியோடு’?”

“உண்மதானே வா வா.”

“தட்டச்சுப் பள்ளில இருபது வருஷம் இருந்தேன்னு சொல்வீங்களே. அங்க படிச்சவங்களுக்கும் இந்த மாதிரி கடுதாசி குடுத்திருப்பீங்க. அவங்களுக்கு இப்படி எழுதினீங்களா?”

யோசித்துப் பார்த்தேன். நூற்றுக்கணக்கில் எழுதியிருப்பேன். தவறில்லாமல் தட்டச்சு செய்வார், நேரத்துக்கு வருவார். ஒருவருக்குக்கூட மன உறுதி என்று எழுதியதில்லை.

“இல்ல.”

“அப்ப எனக்கும் வேணாம்.”

அடித்துவிட்டு, புதிய தாளில் மறுபடி எழுதினேன். பர்மிய மொழியில் ஐந்து வரி வந்தது. வேகமாகவும் பிழையில்லாமலும் எழுதுவார், குழப்பமான புகார்களைத் தெளிவாகப் பிரித்துப் புரிந்துகொள்வார், சொன்ன நேரத்தில் முடிப்பார். அவர் இரண்டு முறை படித்தார். சரி என்றார். நான் திரும்பும்போது வாசல்வரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து நான் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். நீங்களும் தொடர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கணினியைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். உங்களைப் பற்றி வேலை தருகிறவரிடம் என்ன சொல்லலாம்? யார் சொல்வது, நீங்களா, நானா? யாராவது என்னை நேராகக் கேட்டால் நான் என்ன வார்த்தை சொல்ல வேண்டும்? அந்த வார்த்தையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் தயங்காமல் சொல்லும்வரை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சிரிப்பாக இருக்கும். பரவாயில்லை. அந்த ஐந்து வினாடி உங்களுக்கும் ஒருநாள் வரும். அப்போது யோசிக்க நேரம் இருக்காது.

இன்னொன்று. உங்களிடம் படிக்கிறவர் செய்த வேலையை நீங்கள் கண்ணால் பாருங்கள். அவரைப் பற்றி வேறு யாரோ வைத்த புள்ளியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கோ மியோ இன்னும் அந்த நிறுவனத்தில்தான் இருக்கிறார். இப்போது புதிதாக வருகிறவர்களின் பதில்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. அவர்களில் பெரும்பாலோர் கண் தெரிகிறவர்கள். என்னைப் பார்த்தால் பேசுவார், சிரிப்பார்.

வா வாவிடமிருந்து மூன்று மாதம் கழித்து ஒரு செய்தி வந்தது. வேலை கிடைத்துவிட்டது என்று ஒரே வரி. எந்த நிறுவனம், அவர்களிடம் தன்னைப் பற்றி என்ன சொன்னார் என்று அவர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.